மங்கம்மாவின் ஆறு திருகாணிகள்

மங்கம்மாவின் சாம்பலில் ஆறு திருகாணிகள் இல்லை என்பதை முதலில் கவனித்தவள் அவருடைய மகள் கலைமதி. சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று உறவினர்கள் தடுத்த ஒரே ஆளும் அவள்தான்.

பிப்ரவரி 19, புதன்கிழமை. காலை 6.40.

மரக்காணம் உப்பளங்களின் மேற்கு ஓரத்தில், கடைசிப் பாத்தியை ஒட்டிய மேட்டில் அந்தச் சுடுகாடு. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு மூட்டிய நெருப்பு அடங்கி, வெதுவெதுப்பு மட்டும் மிச்சமிருந்தது. பால் தெளித்து எலும்பெடுக்கும் காடாத்துக்கு வந்திருந்த ஆண்கள் ஏழு பேர். ஒருவர் கையில் பால் சொம்பு. மகன் பாலகுரு கையில் எலும்பு வைக்கப் புதுப்பானை. கலைமதி சற்றுத் தள்ளி நின்றாள். பொம்பளை வர்ற இடமா இது என்று அவளுடைய தாய்மாமன் அரசப்பன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருந்தார்.

பிணம் எரிக்கும் பச்சமுத்து தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கையால் ஒதுக்கினார். எலும்புத் துண்டுகளுக்கு நடுவே ஓர் உலோக உருண்டை தென்பட்டது. எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியது. அதன் கீழே ஒரு சாணுக்குக் குறைவான தண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் மங்கம்மாவின் வலது இடுப்பில் பொருத்திய செயற்கை மூட்டு.

"அவ்ளோதாம்பா. பால ஊத்துங்க" என்றான் பாலகுரு.

"இருடா" என்றாள் கலைமதி. "ஸ்க்ரூவெல்லாம் எங்க?"

"எந்த ஸ்க்ரூ?"

"முதுகுல போட்டது. ஆறு."

பாலகுரு பானையைக் கை மாற்றிக்கொண்டான். "உருகிப் போயிருக்கும்க்கா."

"இடுப்புல போட்டது உருகல. முதுகுல போட்டது மட்டும் உருகுமா?"

அவள் விடாததற்குக் காரணம் இருந்தது. மங்கம்மா முப்பது வருடம் வெறுங்காலோடு உப்பு வாரியவர். உப்பளத்தில் எல்லோரும் பயப்படுவது சேற்றில் கிடக்கும் இரும்புக்குத்தான். காலில் ஒரு கீறல் விழுந்தாலும் உப்புத் தண்ணீர் அதை ஒரு மாதம் ஆறவிடாது. சுடுகாட்டு மேட்டுச் சாம்பல் மழைக்குக் கரைந்து பாத்திக்குத்தான் போகும். "நான் செத்தா இந்த இரும்பெல்லாம் பொறுக்கிடுங்கடி, எவ காலையாவது கிழிக்கும்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் கலைமதி வந்திருந்தாள்.

மற்ற ஆறு பேரும் குனிந்து தேடினார்கள். பாலகுரு மட்டும் நின்றுகொண்டிருந்தான். பிறகு பச்சமுத்துவைப் பார்த்தான்.

"ராத்திரி இங்க இருந்தது நீதான? எங்க வச்சிருக்க?"

"நான் ஏன் தம்பி எடுக்கப் போறேன்? எனக்கு எதுக்கு அது?"

"பழைய இரும்புக் கடைல போட்டு குடிச்சிருப்ப."

முதல் அடியை அடித்தவர் அரசப்பன். சவுக்குக் கட்டையால், தோள்பட்டையில்.

காலை 8.50.

மேரிசெல்வி ஸ்கூட்டரைக் கிளப்பும்போது போன் வந்தது. வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவர். வயது நாற்பத்தொன்று. உப்பளத்துக்காரர்களுக்கு அவர் 'எக்சைஸ் டீச்சர்'. பேசியவர் சப்-இன்ஸ்பெக்டர் அந்தோணிராஜ். போன வருடம் பக்கவாதத்தில் விழுந்த அவருடைய அப்பாவை நடக்க வைத்தவர் மேரிசெல்விதான்.

"மேடம், ஒரு டவுட்டு. எலும்புக்குள்ள வைக்கிற ஸ்க்ரூ நெருப்புல உருகுமா?"

"விறகு நெருப்புல உருகாது சார். அது டைட்டானியம். யாருக்கு?"

"உங்க பேஷண்ட்தான். மங்கம்மா."

மேரிசெல்வி வண்டியை அணைத்தார். மங்கம்மா இறந்தது அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை ரத்த வாந்தி எடுத்து, அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இறுதி ஊர்வலத்துக்குப் போக முடியவில்லை என்ற உறுத்தல் இருந்தது.

"நான் வர்றேன் சார்."

காலை 9.20. காவல் நிலையம்.

வெளியே இருபது பேர் நின்றார்கள். உள்ளே பெஞ்சில் பச்சமுத்து. இடது கையால் வலது தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார். எதிரே பாலகுருவும் அரசப்பனும். தாயை இழந்து இரண்டு நாள்கூட ஆகாத பாலகுரு வேலைச் சட்டையிலேயே இருந்தான். வெளிர்நீலச் சட்டை. பைபாஸ் ஓரம் இருக்கும் தனியார் எலும்பு மருத்துவமனையின் சட்டை அது. அங்கே ஆம்புலன்ஸ் டிரைவர். போன ஏப்ரலில் சேர்ந்தவன்.

அந்தோணிராஜ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், மூணு மணிக்கு இவரை திண்டிவனம் கோர்ட்டுக்கு அனுப்பணும். பொணத்து மேல கை வச்சிட்டான்னு ஊரே கொதிக்குது. மேட்டுல இருக்கிற கொட்டாயைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். வேற ஆள் பார்த்தாச்சாம்."

அந்தக் கொட்டகைதான் பச்சமுத்துவின் வீடு. மனைவியும் அங்கேதான் இருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கேள்விகளைத் திரும்பவும் ஓட்டினார்.

"எத்தனை மணி வரைக்கும் நெருப்புகிட்ட இருந்த?"

"எட்டரை சார். தலை வெந்தப்புறம் போய்ப் படுத்தேன்."

"குடிச்சியா?"

"குடிக்காம அந்த வேலைய நீங்க பார்ப்பீங்களா சார்?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வினோதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாம்பலைக் கிளறினியா?"

"கட்டை சரிஞ்சா உள்ள தள்ளுவேன். கிளற மாட்டேன். அந்தம்மா எனக்கு எத்தனையோ நாளு கூழு ஊத்தியிருக்குது சார்."

"எதுக்குங்க இவ்ளோ பேச்சு?" என்றான் பாலகுரு. "ஆப்பரேசன் நடந்ததுக்கு ஆதாரம் இருக்குது. ஸ்க்ரூ இருந்தது. இப்ப இல்ல. நடுவுல இருந்தது இவன் ஒருத்தன்."

அவன் நீட்டிய பழுப்புக் கவரிலிருந்து அந்தோணிராஜ் ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். விலா எலும்பிலிருந்து தொடை மூட்டு வரைக்கும் விழுந்த படம். நடுவே, கீழ்முதுகில், இரண்டு வரிசையாக ஆறு திருகாணிகள். அவற்றை இணைத்து இரண்டு கம்பிகள். சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒளிர்ந்தன. மற்றதெல்லாம் சாம்பல் நிற எலும்பு. மேல் மூலையில் மங்கம்மாவின் பெயர், வயது, தேதி: 12 ஜூலை 2024, மணி 10.52.

"ஒண்ணு, ரெண்டு... ஆறு. சரியா இருக்குது" என்றார் அந்தோணிராஜ். "இதை யாரு எடுத்துட்டு வந்தது?"

"நான்தான். இந்த டீச்சரு புதுசா ஒரு எக்ஸ்ரே வேணும்னு கேட்டாங்க. அம்மாவை எங்க ஆம்புலன்ஸ்லயே ஏத்திட்டுப் போய் எடுத்தேன்."

மேரிசெல்வி தலையசைத்தார். அவர் கேட்டது உண்மை. அந்தப் படத்தை மங்கம்மா வீட்டு வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்ததும் உண்மை. ஆறு திருகாணிகளும் வைத்த இடத்தில் அசையாமல் இருந்தன. அதற்குமேல் அவர் பார்க்கவில்லை.

"சார், நான் மேட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா?"

"வினோதினி, கூடப் போம்மா."

காலை 10.25. சுடுகாட்டு மேடு.

வினோதினி ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி எடுத்துவந்திருந்தாள். சாம்பல்மேல் இழுத்தாள். ஒரு பாடை ஆணிதான் ஒட்டியது.

"இவ்ளோதான் மேடம். உங்க ஸ்க்ரூ எஸ்கேப்."

"டைட்டானியம் காந்தத்துல ஒட்டாதும்மா. சல்லடை வேணும்."

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டு ஒரு சல்லடையை வாங்கி வந்தார்கள். கல் உப்புச் சலிக்கும் இரும்புச் சல்லடை. கூடை கூடையாகச் சலித்தார்கள். நாற்பது நிமிடம். வினோதினியின் காக்கி வெளுத்துப்போனது. முதலில் ஒரு உலோகக் கிண்ணம் வந்தது. பாதித் தேங்காய் ஓட்டைவிடச் சிறியது. இடுப்பெலும்பில் பதித்து, உருண்டை சுழல்வதற்காக வைப்பது. பிறகு சல்லடையில் ஏதோ டிங்கென்று மோதியது.

"கிடைச்சுது மேடம்! ஸ்க்ரூ!"

சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம். மேரிசெல்வி துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது முதுகுல போடுறது இல்லம்மா. அது இதுமாதிரி ரெண்டு மடங்கு இருக்கும். தலை பெருசா, நடுவுல கம்பி உட்கார்றதுக்குப் பள்ளத்தோட இருக்கும். இது அந்தக் கிண்ணத்தைப் பிடிச்சு வச்ச ஸ்க்ரூ. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில இடுப்பு ஆப்பரேசன் பண்ணப்போ போட்டது."

"அப்போ அந்த ஆறு?"

மிச்சச் சாம்பலையும் சலித்து முடித்தார்கள். வேறு உலோகம் இல்லை.

மேரிசெல்வி வரப்பில் உட்கார்ந்தார். சாம்பலைத் துழாவி உலோகம் திருடுகிற ஒருவன் கைக்கு அடக்கமான உருண்டையையும் தண்டையும் விடமாட்டான். கிண்ணத்தையும் விடமாட்டான். ஆறே ஆறு திருகாணிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவற்றை இணைத்த கம்பிகளையும் தேடி எடுத்துக்கொண்டு, பெரிய உலோகத்தை எல்லோரும் பார்க்கும்படி விட்டுப் போக மாட்டான். ஆக யாரும் எடுக்கவில்லை. நகத்தளவு திருகாணியே கரையாத நெருப்பில் அவை உருகவும் இல்லை.

மூன்றாவதாக ஒன்றுதான் மிச்சமிருந்தது. பையிலிருந்து தன் வருகைப் பதிவேட்டை எடுத்தார். நோயாளி ஒவ்வொருவருக்கும் தேதி, நேரம், வலி பத்துக்கு எத்தனை, எத்தனை அடி நடக்கிறார், எவ்வளவு குனிகிறார் என்று எழுதி வைத்திருப்பார்.

மங்கம்மா. 2023 ஆகஸ்ட்: வரப்பில் வழுக்கி வலது தொடை எலும்பின் கழுத்து முறிவு, இடுப்பு மூட்டு மாற்று. மூன்றாம் வாரம் வாக்கருடன் முப்பது அடி. மூன்றாம் மாதம் குச்சியுடன் தெருமுனை வரை. ஐந்தாம் மாதம் குச்சி இல்லை. வலி ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது.

கீழ்முதுகு. 2024 பிப்ரவரி, அறுவைக்கு முன்: வலி எட்டு. நடை நூற்றைம்பது அடி, பிறகு இடது கால் மரத்துவிடும். குனிந்தால் விரல் முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை. மார்ச்சில் பைபாஸ் மருத்துவமனையில் அறுவை. மே: வலி எட்டு. நூற்றைம்பது அடி. நான்கு விரற்கடை. ஜூலை 12, காலை 10.30 முதல் 11.10 வரை, வீட்டில்: வலி எட்டு. நூற்றைம்பது அடி. நான்கு விரற்கடை. செப்டம்பர்: அதேதான். கடைசி வரியில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'பயிற்சியில் நோயாளியின் ஒத்துழைப்பு போதாது. வலியை மிகைப்படுத்துகிறார்.'

இருபது வருட வேலையில் முதுகு அறுவை செய்த நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்தவர் அவர். பாதிக்குமேல் தேறுவார்கள். சிலருக்கு மோசமாகும், கால் எரியும், வேறு இடத்தில் வலிக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மூன்று எலும்புகளைத் திருகிப் பூட்டிய முதுகு முன்போலக் குனியாது. ஒரு விரற்கடையாவது குறையும். மங்கம்மாவுக்கு எதுவுமே மாறவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அந்த முதுகுக்கு எதுவும் நடக்காததுபோல.

"என்ன மேடம், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. கலைமதிய பார்க்கணும்."

பகல் 12.10. மங்கம்மாவின் வீடு.

கலைமதி சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். வெறும் மாத்திரை அட்டைகள். ஐம்பது அறுபது இருக்கும். எல்லாம் வலி மாத்திரை.

"ஒரு நாளைக்கு நாலு போடும் டீச்சர். வெறும் வயித்துல. போட்டாத்தான் பாத்தியில இறங்க முடியும்."

"வேலைக்குப் போனாங்களா? போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"தம்பி போகச் சொன்னான். 'ஆப்பரேசன்தான் ஆயிடுச்சே, ஆறு ஆணி அடிச்சு வச்சிருக்குது, இன்னும் இன்னா வலி, நடிக்கிறியா'ன்னுவான். நானும் ரெண்டு வாட்டி திட்டியிருக்கேன். எல்லாருக்கும் சரியாவுது, உனக்கு மட்டும் ஆவலியான்னு." கலைமதி அட்டைகளைத் திரும்ப டப்பாவில் அள்ளினாள். "அரசு ஆஸ்பத்திரி டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? மாத்திரையே வயித்தை ஓட்டை போட்டுடுச்சாம்."

"கலை, போன ஜூலைல அம்மா எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"தெரியாதே. நான் என் வீட்டுல, பிரம்மதேசம் கிராமத்துல இல்ல இருந்தேன். எங்கியும் போறேன்னு அம்மா சொல்லல. கேட்டா தம்பி கூட்டிட்டுப் போவ மாட்டேன்றான்னு அழும்."

காலையில் மேட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் கேட்டுவிட்டு மேரிசெல்வி எழுந்தார். "நீயும் ஸ்டேஷனுக்கு வா."

பிற்பகல் 2.15. காவல் நிலையம்.

ஜீப் வாசலில் தயாராக நின்றது. அந்தோணிராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேரிசெல்வி எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

"சார், காலையில நீங்க எதைப் பார்த்தீங்க?"

"ஸ்க்ரூ."

"நானும் அதைத்தான் பார்த்தேன், ஜூலைலயும். எல்லாரும் வெள்ளையா இருக்கிறதைத்தான் பார்ப்போம். இப்ப படத்தோட கீழ் ஓரத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் தொடை மூட்டு தெரியுது."

அந்தோணிராஜ் கிட்டே போனார். "தெரியுது. எலும்பு. ரெண்டு பக்கமும்."

"மங்கம்மாவுக்கு வலது பக்கம் எலும்பு கிடையாது சார். 2023 ஆகஸ்டுலயே வெட்டி எடுத்துட்டு உருண்டை வச்சாச்சு. இன்னிக்குக் காலையில சாம்பல்ல கிடைச்ச அதே உருண்டை. இது 2024 ஜூலை படம். அந்த உருண்டை ஸ்க்ரூவைவிடப் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கணும். இந்தப் படத்துல ரெண்டு மூட்டுமே சொந்த எலும்பு."

வினோதினி எட்டிப் பார்த்தாள்.

"பேரு மங்கம்மா. உடம்பு வேற யாரோடதோ. இடுப்பு ஆப்பரேசன் புதுச்சேரியில நடந்தது. படத்தை மாத்தினவங்களுக்கு முதுகு மட்டும்தான் ஞாபகம் இருந்தது."

"ஆஸ்பத்திரியில மாறிப்போயிருக்கும்" என்றான் பாலகுரு. "அங்க தினமும் நூறு பேரு வர்றாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"மாறியிருக்கலாம்" என்றார் மேரிசெல்வி. "அதனாலதான் உன்னை ஒண்ணு கேக்கணும். அம்மாவை நீதான் கூட்டிட்டுப் போன?"

"ஆமா. சொன்னேனே."

"படம் எடுத்த நேரம் இதுலயே இருக்குது. ஜூலை 12, காலை பத்து ஐம்பத்திரண்டு." அவர் பதிவேட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். "அன்னிக்கு பத்தரைலருந்து பதினொண்ணு பத்து வரைக்கும் மங்கம்மா என்கூட இருந்தாங்க. அவங்க வீட்டுல. பாய்ல படுத்து கால் தூக்கிட்டு இருந்தாங்க. கீழ அவங்க கைநாட்டு இருக்குது. நீ யாரைக் கூட்டிட்டுப் போன, பாலகுரு?"

பாலகுரு சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"பொய்ப் படம் ஒண்ணு வேணும்னு ஆச்சுன்னா, உண்மைப் படத்துல காட்ட எதுவும் இல்லைன்னு அர்த்தம். சார், பச்சமுத்து எதையும் எடுக்கல. முழுச் சாம்பலையும் சலிச்சோம். நகத்தளவு ஸ்க்ரூகூட பத்திரமா இருக்குது. அந்த ஆறு அங்க இருந்ததே இல்ல. மங்கம்மா முதுகுல யாரும் எதையும் வைக்கல. அது இவனுக்குத் தெரியும். காலையில உருண்டை கிடைச்சதுமே 'அவ்ளோதான், பால ஊத்துங்க'ன்னு சொன்னவன் இவன். எல்லாரும் தேடினப்போ தேடாம நின்னவனும் இவன்தான். இல்லாததை எதுக்குத் தேடணும்? ஆம்பளைங்க வந்து நாலு எலும்பை எடுத்துட்டுப் போயிடுவாங்க, யாரும் ஸ்க்ரூவை எண்ண மாட்டாங்கன்னு நினைச்சான். அக்கா மேட்டுக்கு வருவாங்கன்னு அவன் கணக்கு போடல. ஒரே நிமிஷத்துல ரெண்டுல ஒண்ணைச் சொல்லியாகணும். உண்மையைச் சொல்லணும், இல்லன்னா ஒரு திருடனைக் காட்டணும்."

"டேய்" என்றாள் கலைமதி. "டேய் குரு. இன்னாடா சொல்றாங்க?"

அவன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"வேணும்னு பண்ணலக்கா. உள்ள கூட்டிட்டுப் போன அரை மணி நேரத்துல டாக்டரு வெளிய வந்துட்டாரு. முதுகைக் கிழிச்சதும் பிரஷர் இறங்கிப் போச்சு, ரத்தம் நிக்கல, மூடிட்டேன்னாரு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பண்ணலாம்னாரு. அப்பால மேனேஜரு கூப்பிட்டாரு. ஆப்பரேசன் முடிஞ்சுதுன்னு இன்சூரன்சுக்கு எழுதியாச்சு, இப்ப இல்லன்னு சொன்னா ஆஸ்பத்திரியையே மூடிடுவாங்க, கொஞ்ச நாளு வாயைத் திறக்காதன்னாரு. வர்ற மாசம் டிரைவரா சேர்ந்துக்கோன்னாரு."

"அப்புறம்?"

"ஒரு மாசம் ஆச்சு. கேட்டேன். பார்க்கலாம்னாங்க. மறுபடி கேட்டேன். உனக்கு வேலை வேணுமா வேணாமான்னாங்க. டீச்சரு எக்ஸ்ரே கேட்டப்போ அவங்களே ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முதுகுல தழும்பைத் தடவிப் பார்த்து, ஆறு ஆணி இருக்குதுடி, அதனாலதான் குத்துது போலன்னு சொல்லும்டா. இல்லாத ஆணிக்குப் பயந்து ஒருக்களிச்சே படுக்கும். நீ பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னுட்டு, நடிக்கிறியான்னு கேட்ட."

பாலகுரு அழ ஆரம்பித்தான். யாரும் அவனைத் தொடவில்லை. அரசப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்தோணிராஜ் போனை எடுத்து, திண்டிவனத்தில் தன் மேலதிகாரியிடம் அந்த மருத்துவமனையின் அறுவைப் பதிவுகளை இன்றைக்கே கைப்பற்ற வேண்டும் என்று பேசினார். பிறகு வினோதினியிடம் சொன்னார்: "ஜீப்பை அனுப்ப வேண்டாம். இவன் வாக்குமூலத்தை எழுது. பச்சமுத்து, நீ போகலாம்."

பச்சமுத்து உடனே எழவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. மேரிசெல்வி கிட்டே போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கை தோளுக்குமேல் வரவில்லை.

அரசப்பன் தொண்டையைச் செருமினார். "பச்சமுத்து, ஆத்திரத்துல கை நீட்டிட்டோம். மனசுல வச்சிக்காத."

"மனசுல வச்சிக்கிறதுக்கு இன்னா இருக்குது? தோள்லதான் இருக்குது. கொட்டாய்ல என் பொண்டாட்டிய மூட்டை கட்டச் சொல்லிட்டாங்களாம். அவகிட்ட போய் நீங்களே சொல்லுங்க, மூட்டைய அவுக்கச் சொல்லி."

"சொல்றேன்" என்றார் அரசப்பன்.

"இப்ப போய்ச் சொல்லுங்க."

அரசப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பிற்பகல் 3.00.

வாசலில் நின்ற கூட்டம் கலைந்திருந்தது. கலைமதி ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்திப் பச்சமுத்துவை ஏற்றினாள். சலித்த சாம்பல் மேட்டில் இரண்டு சாக்கில் கட்டி வைத்தபடி கிடந்தது. பால் இன்னும் ஊற்றவில்லை. எலும்பு இன்னும் எடுக்கவில்லை. மகன் செய்ய வேண்டியது. இனி அவன் செய்யப்போவதில்லை.

மேரிசெல்வி ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார். "கலை, நானும் வர்றேன்."

கலைமதி ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"டீச்சர், அம்மா உங்ககிட்ட வலிக்குதுன்னு எத்தனை வாட்டி சொல்லுச்சு?"

"போறப்போவெல்லாம் சொன்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

பதில் பதிவேட்டில் இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் வழி இருந்தது: படத்தைப் பார்த்தேன், படம் பொய்யானது, நானும் ஏமாந்தேன். மேரிசெல்வி அதைச் சொல்லவில்லை.

"எக்சைஸ் ஒழுங்கா பண்ணலன்னு சொன்னேன். வலியை அதிகமா சொல்றீங்கன்னும் சொன்னேன்."

கலைமதி அவரைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. காலையிலிருந்து ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்தவள், இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொண்டது போலத் தெரிந்தது.

"அவன் சொன்னப்போ அம்மா நம்பல டீச்சர். 'அவனுக்கு இன்னாடி தெரியும், டிரைவரு'ன்னுச்சு. நீங்க சொன்னப்புறம்தான் நம்புச்சு. அதுக்கப்புறம்தான் மாத்திரைய போட்டுக்கிட்டு பாத்தியில இறங்குச்சு."

கலைமதி ஆட்டோவின் பக்கம் திரும்பினாள்.

"பச்சமுத்தண்ணன காப்பாத்திக் குடுத்தீங்க. அதுக்கு நல்லா இருங்க. நீங்க மேட்டுக்கு வர வேணாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பச்சமுத்து வலிக்காத கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேரே போகச் சொல்லி டிரைவருக்கு வழி காட்டினார்.